தகரக் கூரையில் அன்னாசி

பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு, பழம் உலர்த்த மின்சார இயந்திரம் வாங்கினேன் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அம்மா செய்த அன்னாசி வற்றலின் ருசி எனக்கு மறுபடி வேண்டியிருந்தது. குலா மலாக்கா வெல்லப்பாகில் புரட்டிய துண்டுகள் சூடேறி மணம் கிளம்பியதும், நான் இப்போது இருக்கும் பொங்கோல் அடுக்குமாடி வீடு மறைந்து, எப்போதோ இடித்துவிட்ட எங்கள் செம்பவாங் கப்பல் பட்டறைக் குடியிருப்பு வந்து நின்றது, குளியலறைத் தகரக் கூரையில் அம்மா தட்டுகளைப் பரப்புவாள், வானம் கறுத்ததும் "மழைடா, தட்ட எடு!" என்று கத்துவாள், நான் ஓடிப்போய் இறக்குவேன், வெயில் வந்ததும் திரும்ப ஏற்றுவேன், வாரம் முழுக்க இதே வேலை.

உலர்ந்ததைப் பிடோக்கில் இருக்கும் அக்காவிடம் கொண்டுபோனேன். அம்மா செய்தது போலவே இருக்கிறது என்று அவள் சொல்லிவிட்டால் போதும். நிதானமாக மென்றாள்.

"நல்லாக் காஞ்சிருக்குடா. ஆனா அம்மா போட்டது என்னைக்குக் காஞ்சுது? எறக்கி வைக்கிறேன்னு போயி ஈரத்தோடயே நீ தின்னு தீர்த்துடுவியே லா!"