விறைப்பக்கா வீட்டு வருமானம்

நான் எழுதிக் கொடுத்த மனு எதுவும் இதுவரை தோற்றுத் திரும்பியதில்லை. ஒரு முறை ஓர் அதிகாரி என் மனுவின் இரண்டாம் பத்தியைப் படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார். சரி, கொஞ்சம் உப்பும் காரமும் சேர்த்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. புழுக்கம் தாங்காமல் எழுந்தார். ஆனாலும் எழுந்தது எழுந்ததுதானே! மனிதருக்கு மனு எழுதலாம். படிக்கிறவருக்கு ஒரு தாயார் இருப்பாள், ஒரு தலைவலி இருக்கும், எங்காவது ஒரு பிடி கிடைக்கும். கணினியை எங்கே பிடிப்பது? எதிர்வீட்டு இஸ்திரிக்காரி விஷயத்தில் எனக்கு அது பிடிபடவே இல்லை.

அவளைத் தெருவில் விறைப்பக்கா என்பார்கள். மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, அதில் ஒரு மேசை, மேசைமேல் கருகிப்போன கம்பளி. சட்டை, விரிப்பு, மருத்துவர்களின் வெள்ளை அங்கி என்று எது வந்தாலும் கஞ்சி போட்டு, தாளைப் போல மடித்துக் கொடுப்பாள். தனக்கும் அதே கஞ்சியைப் போட்டுக்கொண்டவள் மாதிரிதான் நடப்பாள். யாரிடமும் கைநீட்ட மாட்டாள். நீட்டுகிற கையிலிருந்தும் வாங்க மாட்டாள்.

"கொஞ்சம் வளைஞ்சாதான் என்னடி? மடிப்பு விழுந்துடுமா?" என்று கேட்டிருக்கிறேன்.

"விழுந்தா நானே தேய்ச்சுக்கறேன், டீச்சரம்மா. உங்க புடவையைக் குடுங்க முதல்ல."

அவள் கணவர் லாரி ஓட்டியவர். இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு வீட்டோடு இருந்தார். வாரத்தில் மூன்று நாள் மருத்துவமனையில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குத் தரும் மருத்துவ உதவி அட்டை இருந்ததால் அது இலவசமாக நடந்தது. அந்த அட்டையை ஆண்டுக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். முன்பெல்லாம் ஓர் அலுவலர் வந்து வீட்டைப் பார்த்து, 'கஷ்டப்படுகிறார்கள்' என்று எழுதிவிட்டுப் போவார். இந்த ஆண்டு யாரும் வரவில்லை. குடும்ப அட்டையில் உள்ள பெயர்களை எடுத்து, யாருக்கு எந்த நிறுவனம் எவ்வளவு சம்பளம் கொடுக்கிறது என்பதைக் கணினியே கோத்துப் பார்த்துக்கொண்டதாம். 'தகுதி இல்லை' என்று போனுக்குச் செய்தி வந்தது.

மூன்று பேருமாக அலுவலகம் போனோம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் நல்ல பெண்தான். தூக்கம் போதாத முகம்.

"குடும்பத்துல மூணு பேர் இருக்கீங்க. மூணாவது ஆளோட சம்பளம் வரம்பைத் தாண்டுதும்மா."

"மூணாவது ஆள் யாரு?" என்றார் கணவர்.

விறைப்பக்கா திரும்பாமலே சொன்னாள். "நம்ம பையன்."

அந்தப் பையனை இஸ்திரிப் பெட்டிச் சூட்டில்தான் படிக்க வைத்தார்கள். பெரிய ஊரில் பெரிய வேலை கிடைத்தது. கல்யாணத்தை அங்கேயே முடித்துக்கொண்டான், பெற்றவர்களுக்கு அழைப்பில்லை. அப்புறம் போன் நம்பரும் மாறிவிட்டது. ஆறு வருஷமாகப் பேச்சே இல்லை. 'அவன் பேரைக் குடும்ப அட்டையிலேருந்து எடுத்துடு' என்று கணவர் எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. அவளிடம் எப்போதும் ஒரே பதில்தான்: "செத்தவங்க பேரைத்தான் எடுப்பாங்க."

"அவர் தனியா இருக்காரு, உங்களுக்கு எதுவும் தர்றதில்லன்னு அவரே சொல்லணும்" என்றாள் அந்தப் பெண். "அவர் போனுக்கு ஒரு செய்தி போகும். ஒரு பட்டனை அழுத்தினாப் போதும். ஏதாவது சொல்லணும்னா எழுத இடமும் இருக்கும். இல்லன்னா நாங்க ஆள் அனுப்பி அக்கம்பக்கத்துல விசாரிப்போம்."

"ஆளையே அனுப்புங்க. அவனை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?"

இந்த இடத்தில்தான் அவளுடைய விறைப்பு அவள் காலையே வாரியது. தெருவுக்கு அவள் ஆறு வருஷமாகச் சொல்லி வந்த கணக்கு வேறு. மிக்சியைத் தவணையில் வாங்குவாள். பையன் அனுப்பினான் என்பாள். வாடகையை ஒரு நாள் முன்னதாகக் கொடுத்துவிட்டு, பையன் பணம் வந்துவிட்டது என்பாள். சில நாள் அணைந்த போனைக் காதில் வைத்துக்கொண்டு, "சாப்பிட்டியாப்பா?" என்று தெருவுக்குக் கேட்கும்படி பேசுவாள். உண்மை எனக்கும் அவள் கணவருக்கும் மட்டும்தான் தெரியும்.

விசாரிக்க வந்தவர் கையில் ஒரு சிலேட்டு மாதிரிக் கருவி. முதலில் மூலைக் கடைக்காரரைப் பிடித்தார்.

"அந்தம்மா பையன் பணம் அனுப்புறாரா?"

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? மாசம் பொறந்தா டாண்ணு அனுப்புவான். தங்கமான புள்ள!"

கீழ்வீட்டுக்காரி அதற்கும் மேலே ஒரு படி ஏறினாள். "தினமும் ராத்திரி போன் பண்ணுவாருங்க. என் காதால கேட்டிருக்கேன். எனக்கும் ரெண்டு இருக்குதுங்களே, தண்டம்!"

அக்காவின் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நான் குறுக்கே போய், "ஐயா, அத்தனையும் பொய். அவன் ஒரு பைசா அனுப்பறதில்ல" என்றேன். கடைக்காரர் அந்த மனிதரின் காதருகே குனிந்து, எனக்கும் கேட்கும்படியே சொன்னார்: "டீச்சரம்மா நல்லவங்க சார். ஆனா கதை விடுவாங்க. போன வாரம்கூட யானையை இஸ்திரி போட்ட கதை சொன்னாங்க."

வாழ்க்கையிலேயே ஒரு தடவை கலப்படமில்லாமல் பேசினேன், அன்று பார்த்து என் சரக்கு விலைபோகவில்லை. வந்தவர் வீட்டுக்குள் போய் மிக்சியைப் படம் எடுத்துக்கொண்டார். மறுநாளே இரண்டாவது செய்தி வந்துவிட்டது: மகனின் ஆதரவு உறுதி செய்யப்பட்டது, தகுதி இல்லை.

அட்டை இல்லாததால் அந்த வாரம் ஒரு தடவை மருத்துவமனைக்குப் போகவில்லை. அவருக்குக் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். "விடு, போதும்" என்றார். அவள் தேய்க்க எடுத்த சட்டையை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டாள். மூன்று பேருமாக மறுபடியும் அந்த அலுவலகம் போனோம்.

"அனுப்புங்க அந்தச் செய்தியை" என்றாள் கண்ணாடியிடம். "ஆனா அவன் நம்பர் இப்ப எதுன்னு எனக்குத் தெரியாதே!"

"எங்ககிட்ட இருக்கும்மா. சம்பளக் கணக்கோடயே வந்துடும்."

அவள் குரல் இறங்கியது. அப்படி இறங்கி அதற்குமுன் நான் கேட்டதில்லை. "அதை... எனக்குக் கொஞ்சம் சொல்ல முடியுமாம்மா?"

"சொல்லக் கூடாதும்மா. அது அவரோட சொந்த விவரம்."

கணினிக்கு அவன் இவர்கள் வீட்டுப் பிள்ளை. சம்பளம் வரைக்கும் தெரியும். பெற்றவளுக்கு அவன் நம்பரைச் சொல்லக் கூடாது. இதை எந்த மனுவில் எழுதுவது, சொல்லுங்கள்.

நடையில் இருந்த பெஞ்சில் கணவரை உட்கார வைத்து டீ வாங்கினேன். ஆறு வருஷம் ஒரு போன்கூடப் பண்ணாதவன், எப்படியும் ஒரு வாரம் ஆகும் என்று நான் கணக்குப் போட்டேன். டீயில் ஆவி அடங்குவதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

அவள் மட்டும் போனாள். அந்தப் பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். விறைப்பக்கா போன வேகத்திலேயே திரும்பி வந்து எங்கள் முன் நின்றாள்.

"ஆச்சு. தனிக் குடும்பம், எந்த உதவியும் செய்யறதில்லன்னு அழுத்திட்டான். அட்டை நாளைக்கே செல்லுமாம்."

"வேற ஏதாவது எழுதியிருக்கானா?" என்றார் கணவர். "எழுத இடம் இருக்கும்னு அந்தப் பொண்ணு சொன்னாளே?"

"இருக்கு. காலியா விட்டிருக்கான். எந்திரிங்க, ஆட்டோ நிக்குது."

சிகிச்சை மறுபடி தொடங்கியது. அவர் கால் வீக்கம் வடிந்து இப்போது செருப்புப் போடுகிறார். அலுவலகத்திலிருந்து வந்த அன்று சாயங்காலமே மூலைக் கடைக்காரர், "என்னக்கா, அட்டை கிடைச்சுதாமே?" என்று கேட்டபோது, "கிடைக்காம? என் பையன் ஒரு நிமிஷத்துல போன்லயே முடிச்சுக் குடுத்துட்டான்" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து நடந்தாள். கடைக்காரர் என்னைப் பார்த்து, "பெத்தா இப்படிப் பெக்கணும், டீச்சரம்மா" என்றார். உண்மை சொல்லி ஒரு தடவை பட்டது போதும் என்று நானும் தலையை ஆட்டிவைத்தேன்.

இதையெல்லாம் எழுதி, அவள் வேலை செய்துகொண்டிருக்கும்போது படித்துக் காட்டினேன். கணவர் மருத்துவமனையில் இருந்தார். 'என்ன இருந்தாலும் அந்தப் பிள்ளை ஒரு கடுஞ்சொல் எழுதவில்லை. காலியாக விட்ட அந்த இடத்தில் கொஞ்சமாவது வெட்கம் இருந்திருக்கும்' என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன். அதைக் கேட்டதும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அதை மாத்துங்க, டீச்சரம்மா. காலியா இல்ல. 'இனிமே இந்த மாதிரி எதுவும் எனக்கு அனுப்பாதீங்க'ன்னு எழுதியிருந்தான். அவரு கேட்டாரேன்னு காலின்னு சொன்னேன்."