மூக்கு நயினார்

இலஞ்சி விலக்கில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் நயினாரைத் தென்காசியில் யாரும் வெறும் நயினார் என்று சொல்வதில்லை. மூக்கு நயினார். மூக்கு ஒன்றும் அப்படிப் பெரிதில்லை. ஆனால் பானட்டைத் திறந்து குனிந்து ஒரு மூச்சு இழுத்தால் போதும். கிளட்ச் கருகுகிறதா, ஒயர் பொசுங்குகிறதா, எலி செத்துக் கிடக்கிறதா என்று சொல்லிவிடுவார். செங்கோட்டையிலிருந்து வண்டியைக் கட்டி இழுத்து வருகிறவர்கள்கூட, "அண்ணாச்சி, மொதல்ல மோந்து பாத்துச் சொல்லுங்க" என்பார்கள்.

தை மாதம் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது அந்த மூக்கையும் கொண்டுபோய்விட்டது. அதைக் கண்டுபிடித்தவள் அவர் மனைவி மாரிச்செல்வி. கடையின் முன்பக்கம் ஸ்பேர் பார்ட்ஸ் விற்பது அவள்தான். ஊசிப்போன அவியலை அவர் முகம் சுளிக்காமல் வழித்துத் தின்றதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வெளிய சொல்லிருங்க."

"சொன்னா எவன் இங்கன வண்டிய விடுவான்?"

அன்றிலிருந்து நயினார் நடித்தார். குனிவார், மூச்சிழுப்பார், தலையாட்டுவார். கண்ணும் காதும் சொல்வதை மூக்கு சொன்னதாகச் சொல்வார். பெரும்பாலும் சரியாகவே இருந்தது. அந்தப் 'பெரும்பாலும்'தான் அவரைத் தூங்கவிடவில்லை.

ஆனி பிறந்து சாரல் பிடித்த நேரத்தில் குற்றாலத்தில் லாட்ஜ் நடத்தும் ஜெயசித்ரா தன் அப்பாவின் காரைக் கொண்டுவந்தார். ஊரெல்லாம் கார்புரேட்டர் வண்டி ஓடிய காலத்திலேயே இன்ஜெக்‌ஷனோடு வந்த பழைய ஜெர்மன் கார். ஏற்றத்தில் விக்கி விக்கி நின்றது. பெட்ரோல் அழுத்தம் எங்கே குறைகிறது என்று பார்க்க ஒரு கேஜ் மாட்டிவிடலாம் என்று நயினார்தான் சொல்லியிருந்தார்.

வேலையை முறையாகத்தான் செய்தார். பம்பின் ஃபியூஸைப் பிடுங்கி, லைனில் மிச்சமிருந்த பெட்ரோல் தீர்ந்து இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டார். பேட்டரி ஒயரைக் கழற்றினார். ஃபில்டரைத் தாண்டியதும் குழாயை அறுத்து, மூன்று வாய் கொண்ட பித்தளை 'டீ' இணைப்பை வைத்துக் கிளிப்புகளை முறுக்கினார். மூன்றாவது வாயில் கேஜ். எல்லாவற்றையும் திரும்ப மாட்டிச் சாவியைத் திருப்பினார். பம்ப் ரீங்கரித்தது. முள் விறுவிறுவென ஏறி நின்றது.

சாவியை அணைத்தார். நிற்கவேண்டிய முள் மெல்லச் சரிந்தது.

டேங்குக்குள் பம்ப் வால்வு பிடிக்காமல் இருக்கலாம். இன்ஜெக்டர் உள்ளேயே சொட்டலாம். அல்லது தான் இப்போது முறுக்கிய கிளிப்பே கசியலாம். குனிந்து பார்த்தார். காற்று சாரலை ஷெட்டுக்குள் அள்ளிக்கொண்டு வந்தது. குழாய் முழுக்க முத்து முத்தாக ஈரம். துடைத்தார், துடைத்த இடத்தில் மறுபடி பூத்தது. தண்ணீரா, பெட்ரோலா? மூச்சை இழுத்தார். குளிர்தான் ஏறியது.

"என்ன அண்ணாச்சி, மூக்கு என்ன சொல்லுது?" ஜெயசித்ரா சிரித்தார். "பேத்திக்குப் பண்பொழி மலையில முடியெடுக்கணும். நாளைக்குக் கொண்டு போலாம்லா?"

'சரியாருக்கு' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மாரிச்செல்வி கல்லாவிலிருந்து எழுந்து நின்று அவரையே பார்த்தாள். பேத்தியின் மொட்டைத் தலை ஒன்று அவர் கண்ணுக்குள் வந்து போனது.

"மேடம், நீங்க கொஞ்சம் மோந்து பாருங்க."

"என்னைய வேலைக்குச் சேக்கப் போறியளா?"

"வெளையாட்டில்ல. எனக்கு வாசனையே தெரியாது. காய்ச்சலோட போயிட்டு."

ஜெயசித்ரா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு சேலையை ஒதுக்கிக்கொண்டு குனிந்தார். குனிந்த வேகத்திலேயே நிமிர்ந்தார்.

"யாத்தே! பெட்ரோல் குப்புனு அடிக்கி!"

கிளிப் கோணலாகக் கடித்திருந்தது. நயினார் அதைக் கழற்றிப் புதிதாகப் போட்டார். மறுபடி சாவியைத் திருப்பி அணைத்தபோது முள் அசையவில்லை. மாரிச்செல்வி குழாயைத் துடைத்து மோந்து, "ஒண்ணும் இல்ல" என்றாள். நயினாருக்கு மூச்சு வந்தது. ஆனால் ஜெயசித்ராவின் சிரிப்பு எங்கோ போயிருந்தது.

"அண்ணாச்சி, போன மாசம் எங்க லாட்ஜ் வேன்ல பெட்ரோல் வாடை வருதுன்னு அனுப்பினேன். மோந்து பாத்துட்டு, பங்க்ல சிந்துனதுதான்னு சொல்லிவிட்டிய."

நயினார் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"வேன் இப்ப எங்க?"

"பழைய குற்றாலத்துக்கு ஆளேத்திட்டுப் போயிருக்கு." ஜெயசித்ரா டிரைவருக்கு போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. "சுடலைமணி எடுக்க மாட்டேங்கான். அருவிச் சத்தத்துல எங்கன கேக்கப் போவுது!" திரும்பத் திரும்ப அழுத்தினார். நயினார் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

நயினார் கிளிப்புகளையும் ஒரு முழக் குழாயையும் பையில் அள்ளிப்போட்டு பைக்கை உதைத்தார். "நீயும் ஏறுட்டி. நான் மட்டும் போயி என்ன செய்ய?"

மாரிச்செல்வி ஷட்டரை இழுத்துவிட்டுப் பின்னால் ஏறினாள். ரோட்டுக்கு வந்ததும் அவர் காதருகே கேட்டாள்: "இது மாதிரி இன்னும் எத்தன வண்டிக்குச் சரின்னு சொன்னிய?"

"மொதல்ல வேனப் பாப்போம்" என்றார் நயினார். கொஞ்ச தூரம் போனபின், "மத்ததையும் சொல்லுதேன். ஒவ்வொரு வீடாப் போவணும்" என்றார்.