ராகு காலம் கழிந்து ஐரோப்பிய வரலாறு

மந்தைவெளியில் ரயில் ஏறிய பெண் என் எதிரே அமர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு பிரெஞ்சுப் புரட்சியின் காரணங்களை முணுமுணுத்தாள். என் அக்காவும் இதே தாளத்தில்தான் மனப்பாடம் செய்வாள்.

ஐம்பது வருஷத்துக்கு முன்பு, ஒரு திங்கட்கிழமை. காலை பத்து மணிக்கு அக்காவின் பி.ஏ. கடைசிப் பரீட்சை, ஐரோப்பிய வரலாறு. அன்றே பெண் பார்க்கவும் வருகிறார்கள். ஒன்பதுக்கு ராகு காலம் முடிந்ததும் வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள் என்பது அப்பாவின் கணக்கு. ராகு காலம் கழிந்துதான் அவர்கள் நங்கநல்லூரிலிருந்து கிளம்பவே செய்வார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை.

பட்டுப்புடவையில், ஹால் டிக்கெட்டோடு, பஜ்ஜி வாசனைக்கு நடுவே அக்கா நின்றாள்.

"நான் எழுதிட்டு வந்துடறேனேப்பா."

"அவா வந்துண்டே இருப்பா. சித்த இரு."

பத்தே முக்காலுக்கு வந்தார்கள். பிள்ளையின் அப்பா, "என்னம்மா படிக்கறே?" என்றார்.

"ஐரோப்பிய வரலாறு. பரீட்சை இப்போ நடந்துண்டிருக்கு, மாமா."

பெண்ணுக்கு நகைச்சுவை வருகிறது என்று எல்லோரும் சிரித்தார்கள். தையில் கல்யாணம்.

தவறிய பரீட்சையை ஆறு மாதத்தில் மறுபடி எழுதலாம். ஒரு மனு போதும். பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் அத்தகைய மனுக்களில் கையெழுத்துப் போட்டே நான் ஓய்வுபெற்றேன். அன்று எனக்குப் பத்து வயது. பெரியவர்கள் யாரும் விசாரிக்கவில்லை.

எதிரே முணுமுணுக்கும் இந்தப் பெண்ணிடம் இதைச் சொல்லிவைக்கலாம்தான். ஆனால் கேட்டிருக்க வேண்டியவள் இவள் இல்லை.