உத்திரமும் உத்திரட்டாதியும் ஒரே வகை

தொண்ணூறுகளின் நடுவில், தரமணியில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஃபங்ஷனல் என்கிற ரக ப்ரோகிராமிங் மொழி ஒன்றின் மேல் பைத்தியம் பிடித்திருந்தது. அதில் எது எண், எது எழுத்து என்று நாம் சொல்லவே வேண்டாம். எழுதியதைப் பார்த்து அதுவே வகையை ஊகித்துக்கொள்ளும். மயிலாப்பூரில் எங்கள் எதிர்வீட்டு மாமியும் அப்படித்தான். வந்தவர் செருப்பைக் கழற்றும் தோரணையிலேயே ஊரும் உத்தியோகமும் சொல்லிவிடுவார். மாமி எப்போதாவது தவறுவார், அந்த மொழியில் வகைகளைச் சரிபார்க்கும் டைப் செக்கர் தவறாது என்று வீட்டில் முழங்கிக்கொண்டிருந்தேன். வகை பொருந்தாவிட்டால் ப்ரோகிராமை ஓடவே விடாது. ஓடினால் சரி என்றுதானே அர்த்தம்?

இதை நம்பிய ஒரே ஆள் அப்பா. அக்காவுக்கு அடையாறிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண் பார்க்க வந்த பையன், பஜ்ஜியில் உப்பு இல்லை என்று உள்ளதைச் சொன்னதில் அக்காவுக்கு அவரைப் பிடித்துப்போனது. ஜோசியர் எதற்கு, நீயே பொருத்தம் பாரேன் என்றார் அப்பா. பஞ்சாங்கத்தைப் பார்த்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரே மாலையில் ப்ரோகிராம் எழுதி முடித்தேன். செக்கர் முணுமுணுக்கக்கூட இல்லை. அக்கா உத்திரம், பையன் உத்திரட்டாதி. விடை: பொருத்தம் இல்லை.

"கம்ப்யூட்டரே சொல்லிடுத்து" என்று அப்பா எழுந்து போய்விட்டார். அக்கா மட்டும் திரையை விட்டு நகரவில்லை.

"ஏண்டா, அவர் நட்சத்திரம் ஏன் முதல்ல இருக்கு?"

"எது முதல்ல இருந்தா என்ன? ரெண்டும் நட்சத்திரம்தானே."

"பொண்ணோடதுலேர்ந்துன்னா எண்ணணும்?"

முதலில் வரும் நட்சத்திரத்தைப் பெண்ணுடையதாக வைத்து எண்ணுகிற பகுதியைச் சரியாகத்தான் எழுதியிருந்தேன். நட்சத்திரங்களைக் கொடுக்கும் இடத்தில், பிள்ளை வீட்டாருக்கு முதல் மரியாதை என்று ஊறிப்போன கை, பையனுடையதை முதலில் கொடுத்திருந்தது. இரண்டும் ஒரே வகை. செக்கருக்கு ஆட்சேபம் என்ன இருக்க முடியும்? ஆம், இல்லை இரண்டில் ஒன்று விடையாக வரும் என்பதற்குத்தான் அது பொறுப்பு. எது என்பதில் அதற்கு அக்கறை கிடையாது. அக்காவுக்கு இருந்தது.

பெண் நட்சத்திரம், பிள்ளை நட்சத்திரம் என்று இரண்டு வகையாகப் பிரித்தேன். செக்கர் உடனே நட்சத்திரங்களைக் கொடுத்த வரியைக் காட்டி, ஓடவே மாட்டேன் என்றது. என்ன ரோஷம்! வரிசையை மாற்றினேன். பொருத்தம் உண்டு என்று வந்தது.

இன்னொரு முறை சரிபார்த்துவிடுகிறேன் என்றேன். அதற்குள் அக்கா அப்பாவைக் கூப்பிட்டுவிட்டாள்.