ஒதிலியா சொல்லி முடிக்கும் வரை

புக்காரமாங்கா நகரத்தின் மேட்டுத் தெருக்களில் ஹெர்னெயைப் போல பைக்கில் வேகமாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்க ஆள் கிடையாது. காப்பி ஆறும்வரை பொறுக்காமல் நாக்கைச் சுட்டுக்கொள்வான். எங்கள் சபையில் எனக்கு முன் பெஞ்சில்தான் உட்காருவான். பிரசங்கம் முடியும்வரை அவன் முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். அவன் மனைவி ஒதிலியா சரியான வாயாடி. ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சபைமுன் சாட்சி சொல்ல அவள் எழுந்தால் பாஸ்டர் எவாரிஸ்தோ கடிகாரத்தைப் பார்ப்பார்.

ஒரு காலை அரேபா என்கிற சோள ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தவள் அடுப்படியிலேயே சரிந்து விழுந்தாள். பக்கவாதம். உயிர் பிழைத்தாள், வலது கை துவண்டது, பேச்சு போயிற்று. புத்தியில் ஒரு குறையும் இல்லை. சொல்தான் வாய்க்குள் சிக்கிக்கொண்டது.

"பேச்சு திரும்பும். ஆனா மாசக்கணக்காகும், வருஷமும் ஆகலாம்" என்றாள் பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த யாமிலே.

ஹெர்னெய்க்கு அது ஏறவே இல்லை. ஒதிலியா "த..." என்று தொடங்கினால் போதும், "தண்ணியா? தட்டா? தலையணையா?" என்று மூன்றையும் கொண்டுவந்து குவிப்பான். அவள் வாயை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாள். யாமிலே ஒருநாள் பொரிந்து தள்ளினாள்: "அவங்க பேசணும்னா முதல்ல நீங்க வாயை மூடணும் சார்!"

அவன் கேட்டானா? படத்தைத் தொட்டால் வார்த்தையைச் சொல்லும் ஏதோ ஒன்றைப் போனில் ஏற்றி அவள் கையில் கொடுத்தான். "பாரு ஒதி, ஒரு தட்டு தட்டினா போதும், வேலை முடிஞ்சுது!" ஒதிலியா இடது கையால் அந்தப் போனைப் பாத்திரம் ஊறிய தொட்டிக்குள் போட்டாள்.

அன்று சாயங்காலம் அவன் பாஸ்டர் வீட்டு வாசலில் நின்று கத்தியது எதிர்வீட்டில் இருந்த எனக்கே கேட்டது.

"ஒரு சூப்பு வாங்கினாக்கூட எந்தத் தெருவுல வருதுன்னு போன்ல தெரியுது பாஸ்டர்! என் ஜெபம் எங்க நிக்குது? அதைச் சொல்லுங்க!"

"எனக்குத் தெரியாதுப்பா. என் தம்பி குடியை விடணும்னு நான் முழங்கால் போட ஆரம்பிச்சப்போ எனக்குத் தலை முழுக்கக் கறுப்பு. இன்னும் அதையேதான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

"அலுக்கலையா?"

"அலுக்காம? உள்ள வா, சாப்பிடு."

சில வாரம் கழித்து, ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரம். ஒதிலியா பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"ப... ப..."

ஹெர்னெயின் வாய் தானாகத் திறந்தது. அவள் முறைத்த முறையில் மூடிக்கொண்டது. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தான். என்னாலேயே சும்மா இருக்க முடியவில்லை, 'பரலோகம்' என்று எடுத்துக் கொடுக்க உதடு துடித்தது. பின்னால் ஒரு குழந்தை அழுது ஓய்ந்தது. யாரோ இருமினார்கள். அவள் விடவில்லை.

"ப... பய... பயமா... இருக்கு."

ஹெர்னெய் அவளை அண்ணாந்து பார்த்தான். தண்ணீரிலிருந்து போர்வைவரை எல்லாம் கொண்டுவந்து கொடுத்தானே, அவள் சொல்ல நினைத்த இந்த ஒன்றை மட்டும் கேட்காமலே! அவள் உட்கார்ந்ததும் துவண்ட அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். கண்ணீர் வழிந்த முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

வெளியே வந்ததும் என்னிடம் சொன்னான்: "அக்கா, நான் ஜெபத்துல என்னென்னமோ அவசர அவசரமா கொட்டியிருக்கேன். பாதி உளறல். ஆண்டவர் ஒரு தடவைகூட குறுக்க பேசலையே. முழுசா கேட்டுக்கிட்டுத்தானே இருந்திருக்கார்? என்னால ஒரு வார்த்தைக்குப் பொறுக்க முடியலையே!"

ஒரே நாளில் மாறிவிடவில்லை. இன்றைக்கும் எரிந்து விழுவான், பிறகு மன்னிப்புக் கேட்பான். ஒதிலியாவுக்குப் பழைய பேச்சு திரும்பவில்லை. திரும்புமா என்று யாமிலேவுக்கும் தெரியாது. சின்னச் சின்ன வாக்கியம் வருகிறது. போன வாரம் மேட்டில் ஏறும்போது பைக்கின் பின்னாலிருந்து அவள் ஏதோ தொடங்கியிருக்கிறாள். ஹெர்னெய் அங்கேயே நிறுத்தி எஞ்சினை அணைத்தான். பின்னால் வந்த பஸ்காரன், "நடுரோட்டுல என்னய்யா கொஞ்சல்?" என்று திட்டினான்.

"என் பொண்டாட்டி பேசிக்கிட்டிருக்கா" என்றான் ஹெர்னெய்.