மெதுவாக அழச் சொன்னவர்

டோர்செட் பார்க்கில் எங்கள் பக்கத்து அப்பார்ட்மென்டில் இருந்தவர் ஒரு நோர்வேக்காரக் கிழவர். சனிக்கிழமையை ஓய்வுநாளாக அனுசரிக்கும் அட்வென்டிஸ்ட் சபையின் போதகர். வாசல் நிலையில் தலை முட்டும் உயரம்.

அப்பாவின் உடலைப் பார்வைக்கு வைத்திருந்த அன்று வந்தவர், மண்டப வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினார். இதையும் கோயில் என்று நினைத்துவிட்டாராக்கும் என்றிருந்தேன். பூனைபோல் பெட்டியருகே வந்து, ஒப்பாரி வைத்த மாமியைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன், நாங்கள் அழக்கூடாதோ?"

"அழுங்கள், மெதுவாக," என்று கிசுகிசுத்தார். "அவர் நித்திரை. எழுப்புவதற்கு ஒருவர் வருவார். அதற்குமுன் நாங்கள் எழுப்பிவிடக் கூடாது."

போன மாதம் அதே மண்டபத்தில் அந்தப் போதகரைக் கிடத்தியிருந்தார்கள். பெட்டியருகே நின்றபோது எனக்கு இருமல் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினேன்.

கார் பார்க்கில் இருமி முடித்தபிறகுதான் கால் விறைத்தது. பனியில் வெறும் சொக்ஸோடு நின்றிருந்தேன். சப்பாத்தை எப்போது கழற்றினேன் என்று இன்றுவரை தெரியவில்லை.