திண்டிவனத்துக்கு முதலில் சேர்ந்த அறிவிப்பு

எங்கள் அலுவலகம் விழுப்புரத்தில், ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருக்கிறது. மாவட்டச் செய்திகளைப் போனில் தருகிற ஒரு சிறிய செயலியை நடத்துகிறோம். பத்திரிகை டெஸ்க்கில் பல வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தவன் நான். வந்த புதிதிலேயே ஒன்று தெரிந்துபோயிற்று. அமைச்சர் வருகையை யாரும் திறப்பதில்லை. மின்தடை, ரயில் தாமதம், மரணம் இவற்றுக்குத்தான் போனை எடுக்கிறார்கள். அதிலும் மரணம். காலையில் ஒருவர் இறந்தால் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவது இங்கே வழக்கம். துக்கச் செய்தி தாமதமாகப் போனால், கண்டாச்சிபுரத்திலிருந்து கிளம்பி வருகிறவருக்குக் கடைசியாகப் பார்க்க முகம் கிடைக்காது.

சிலருக்கு அப்படிக் கிடைக்காமல் போனது. மாடிக்கு ஏறி வந்து திட்டினார்கள். அதன் பிறகுதான் முதலாளி என்னைக் கூப்பிட்டார். போனுக்கு அறிவிப்பைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலையை வெளியே ஒரு சேவைக்கு விட்டிருந்தோம். இன்னொரு சேவைக்காரர்களும் பேச வந்திருந்தார்கள். இரண்டில் எது வேகம், எது நம்பகம் என்று சோதித்து எழுதித் தர வேண்டும்.

தொழில்நுட்பம் பார்க்கிற பெண் எனக்குத் திரையில் மூன்று பத்திகளைக் காட்டினாள்.

"இது அனுப்புனது சார். நம்ம கையை விட்டுப் போச்சு, அவ்ளோதான். இது சேர்ந்தது. அவங்க போனுக்குள்ள போயிடுச்சு. இது திறந்தது. விரலால தொட்டுட்டாங்க. அதுக்கு மேல இதுக்கு ஒண்ணும் தெரியாது."

மாவட்டம் முழுக்கத் தெரிந்தவர்களைப் பிடித்தேன். நான் அனுப்புகிற சோதனைச் செய்தி போனில் வந்த உடனே எனக்குச் சொல்ல வேண்டும். ஒரு உரக்கடைக்காரரின் போன், பேட்டரியை மிச்சம் பிடிப்பதாக எங்கள் செயலியைத் தூங்க வைத்துவிட்டது. காலையில் அனுப்பியதெல்லாம் அவர் சாப்பிட உட்காரும்போது மொத்தமாக வந்து விழுந்தது. ஒரு ஆசிரியையின் போனில் காலை வணக்கப் படங்கள் நிறைந்து, புதிதாக ஒரு எழுத்துக்கு இடமில்லை. ரயிலில் போகிறவர்களுக்கு மயிலம் பக்கம் சிக்னல் அறுந்துவிடும்.

எல்லாவற்றிலும் ஒழுங்கான போன் திண்டிவனத்தில் எங்கள் வீட்டில் இருந்தது, என் மனைவியிடம். நான் தினமும் ரயிலில் விழுப்புரம் போய் வருகிறவன். அங்கே பொத்தானை அழுத்தினால் அடுத்த நிமிடம் அவள் கூப்பிடுவாள்.

"வந்துடுச்சு. என்னாத்துக்கு 'சோதனை சோதனை'ன்னே அனுப்பறீங்க? நமக்கு இருக்கறது பத்தாதா? வைங்க, பால் பொங்குது."

அவள் பிறந்த வீடு விழுப்புரத்தில். அண்ணன் ஒருவர்தான். என் அலுவலகத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் போனால் அவர் தெரு. அண்ணனுக்கும் தங்கைக்கும் அப்போது பேச்சு இல்லை. காரணம் அண்ணன் மகனின் கல்யாணப் பத்திரிகை. ஊரில் எல்லாருக்கும் தட்டில் வெற்றிலை பாக்கோடு நேரில் வந்து வைத்தவர்கள், தங்கைக்குப் போனில் படமாக அனுப்பினார்கள். கூடப் பிறந்தவளை யாராவது அழைப்பார்களா, அவளே முன்னால் வந்து நிற்க வேண்டாமா என்பது அண்ணனின் கட்சி. ஊருக்கெல்லாம் வாசல் ஏறத் தெரிந்தவருக்கு என் வாசல் மட்டும் தெரியவில்லையா என்பது இவள் கட்சி. இவள் கல்யாணத்துக்குப் போகவில்லை. முதல் வரிசையில் ஒரு நாற்காலியை யாரையும் உட்கார விடாமல் அவர் கடைசி வரை வைத்திருந்தாராம். அதை நான்தான் வந்து சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே துணி மடித்தாள்.

அந்தக் காலையில் நான் ரயிலில் இருந்தேன். மயிலம் தாண்டி சிக்னல் திரும்பியதும் மனைவி கூப்பிட்டாள்.

"வந்துடுச்சு" என்றாள்.

இன்றைக்குச் சோதனை எதுவும் இல்லையே என்றேன்.

"அண்ணன்."

அதற்குப் பிறகுதான் என் போனில் அது வந்தது. துயரச் செய்தி என்ற தலைப்பு, மச்சானின் பாஸ்போர்ட் அளவுப் படம், மாலையில் இறுதி ஊர்வலம் என்று ஒரு வரி. விடியற்காலையில் நெஞ்சு வலி வந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. மகன் விவரம் அனுப்பியிருக்கிறான், காலை ஷிப்டில் இருந்தவர் வெளியிட்டிருக்கிறார். அன்றைய பதிவைப் பின்னால் திரையில் பார்த்தேன். அனுப்பியது, சேர்ந்தது, திறந்தது மூன்றிலும் எங்கள் வீட்டுப் போன்தான் மாவட்டத்திலேயே முதல்.

"கிளம்பு. பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடி. நான் நேரா அங்க போயிடறேன்."

"யாரும் வந்து சொல்லலியே."

"இதுல வந்துடுச்சே, பாத்துட்டியே."

"அது ஊருக்கு வந்தது. எனக்கு யாரு சொன்னா?"

"நான் சொல்றேன்ல."

"நீங்க சொன்னா நம்ம வீட்டு சேதி. பொறந்த வீட்டுலேர்ந்து ஆள் வரட்டும். கல்யாணத்துக்கும் இதேதான், சாவுக்கும் இதேவா?" குரல் உடையவில்லை. "குளிச்சிட்டு உக்காந்துகினு இருக்கேன். வந்தா வர்றேன்."

மச்சான் வீட்டு வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் பாதி நிறைந்திருந்தன. கூடத்தில் ஐஸ் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் ஈரம் படிய, யாரோ ஒரு பெண் அடிக்கடி முந்தானையால் வெளிப்பக்கம் துடைத்துக்கொண்டிருந்தாள். மச்சான் மகன் என்னைக் கண்டதும் எழுந்து வந்தான்.

"அத்தை எங்க மாமா?"

"நீ யாரையாவது அனுப்பினியா?"

"உங்களுக்குப் போட்டேன் மாமா, லைனே போவல. அப்புறம் உங்க ஆபீஸ்ல குடுத்துட்டேன். அதுல எல்லாருக்கும் போயிடுமே." என் முகத்தைப் பார்த்தான். "பாக்கலியா அத்தை?"

"பாத்துட்டா. உடனே பாத்துட்டா."

"அப்புறம் என்ன மாமா?"

நாற்காலியிலிருந்து மச்சானின் சித்தப்பா எழுந்தார். எண்பதை ஒட்டிய வயது, காது கூர்மை.

"அப்புறம் என்னவா? ஏன்டா, தங்கச்சிக்கு ஆள் அனுப்பாம எவன்டா பொணம் எடுப்பான்? கரண்ட்டு ஆபீசுக்கு சொல்ற மாதிரி சொல்லிக்கினு. பைக் யாருது இருக்கு? ஜல்தி போங்கடா."

"மாமாதான் இங்கயே இருக்காரே தாத்தா."

"மாப்பிள்ள வாயால சொன்னா அது புருஷன் சொன்னது. நம்ம ஆளு போவணும்."

மச்சானின் பெரியப்பா மகன்கள் இருவர் பைக்கில் போனார்கள். நான் மனைவிக்குப் போன் செய்து, ஆள் வருகிறார்கள் என்றேன். "வரட்டும்" என்றாள். அப்போதுதான் அவள் அழுவது கேட்டது.

பிறகு நடந்ததெல்லாம் காத்திருப்புதான். எங்கோ டயர் பஞ்சராகிவிட்டது என்று தகவல் வந்தது. ஒட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். வாசலில் நின்று, வாய் திறந்து, அண்ணன் போயிட்டாரு, வாங்க என்று சொன்னார்கள். அவள் அந்த வார்த்தை முடிவதற்குள் செருப்பு மாட்டிவிட்டாளாம். பைக்கில் ஏற மாட்டாள், பழக்கமில்லை. மாலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

இங்கே மேளக்காரர்கள் இரண்டு முறை டீ குடித்துவிட்டார்கள். சுடுகாட்டிலிருந்து ஆள் வந்து, இருட்டினால் தன்னால் முடியாது என்றார். நான் மனைவியைக் கூப்பிட்டபடியே இருந்தேன். விக்கிரவாண்டி டோல்கேட்டுக்கு முன்னால் லாரிகள் நிற்கின்றன, பஸ் நகரவில்லை என்றாள்.

"இறங்கி நடக்கட்டுமா?"

"நடந்தா எப்ப வர்றது? உள்ளயே இரு."

"கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்லுங்க. நான் வந்துகினே இருக்கேன்னு சொல்லுங்க."

சொன்னேன். சித்தப்பா தன்னால் முடிந்த வரைக்கும் நிறுத்தினார். குளிப்பாட்டுவதை மெதுவாகச் செய்யச் சொன்னார். வாய்க்கரிசிக்கு ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார். மச்சானின் மனைவி, இவளுடைய அண்ணி, தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் மங்கியபோது சித்தப்பா என் பக்கம் பார்க்காமல் கையை அசைத்தார். தூக்கினார்கள்.

நான் ஊர்வலத்தோடு போகவில்லை. தெருமுனையில் நின்றேன்.

ஆட்டோவிலிருந்து இறங்கியவளுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தெருவில் இறைந்து கிடந்த பூவைப் பார்த்தாள். மாலையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். கூடத்தைக் கழுவி விட்டிருந்தார்கள். ஐஸ் பெட்டிக்காரர் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"கூப்பிட்டதும் வந்துட்டேன் அண்ணி" என்றாள்.

"தெரியும்மா" என்றார் அண்ணி. "வழியையே பாத்துகினு இருந்தோம்."

இருவரும் ஈரத்தரையில் உட்கார்ந்தார்கள். மாலை மடியில் கிடந்தது. அண்ணன் மருமகள் போனை நீட்டினாள்.

"அத்தை, எடுக்கறதுக்கு முன்னாடி மொகம் தெரியற மாதிரி எடுத்து வெச்சேன். உங்க நம்பருக்கு அனுப்பட்டுமா?"

மனைவி அந்தப் பக்கம் திரும்பவில்லை. கையால் மெதுவாகப் போனைத் தள்ளினாள்.

"வேணாம்மா. நீங்க சொல்லுங்க அண்ணி. எப்படி இருந்தாரு?"

அண்ணி மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"தூங்கற மாதிரிதான். நேத்துதான் முடி வெட்டிகினு வந்தாரு. நெத்தியில பட்டை போட்டாங்க, ஒரு பக்கம் பெரிசா போயிடுச்சு. வாய் லேசா தொறந்து இருந்துச்சு, கட்டியும் நிக்கல. அந்த கன்னத்துத் தழும்பு இருக்கே..."

"சைக்கிள்லேர்ந்து விழுந்தது. என்னை வெச்சுகினு ஓட்டும்போது."

"அதுதான். இத்தனி வருசம் அவ்ளோ நல்லா தெரிஞ்சதில்ல. கன்னம் ஒட்டிப் போச்சா, தனியா தெரிஞ்சுது."

"அப்புறம்?"

அண்ணி யோசித்தார். சொல்வதற்கு வேறு ஒன்றும் இல்லை. முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.